பெங்களூரிலிருந்து நீலகிரிக்குக் காரில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூர் அல்சூரில் இருக்கிறேன். வருடத்துக்கு மூன்று நான்கு தடவை மலைக்குப் போய்வருகிறவன் என்று பெயர் வாங்கிவிட்டதால், மூன்று நாள் லீவு சேர்ந்தாற்போல் வந்தால் போதும், ஆபீஸிலிருந்தும் சொந்தத்திலிருந்தும் போன் வர ஆரம்பித்துவிடும். கேட்பது எல்லாம் அதே கேள்விகள்தான். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்வதைவிட எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஊட்டி எவ்வளவு தூரம்? எத்தனை மணி நேரம் ஆகும்?

நகரத்தில் எங்கிருந்து கிளம்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து 270 முதல் 290 கிலோமீட்டர். போன் ஆறு மணி நேரம் என்று காட்டும். நம்பாதீர்கள். டீ, டிபன், குழந்தைகள், சோதனைச் சாவடி எல்லாம் சேர்த்தால் ஏழரை மணி நேரம் ஆகும்.

இந்தப் பயணத்தில் கிலோமீட்டரை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மைசூர் வரை 100-இல் பறந்துவிட்டு, அதே வேகம் மலையிலும் கிடைக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கடைசி 35 கிலோமீட்டருக்கே ஒன்றரை மணி நேரம் போய்விடும். நடுவில் பூட்டுகிற கேட் வேறு இருக்கிறது. அதனால் திட்டம் போடும்போது கையில் கடிகாரம் இருக்கட்டும், மேப் அப்புறம்.

என்ன கேட்?

குண்டுலுப்பேட்டையைத் தாண்டினால் பந்திப்பூர் புலிகள் காப்பகம், அதை ஒட்டியே நம் முதுமலை. பந்திப்பூர் வழியாகப் போகும் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வண்டி விடமாட்டார்கள். 2009-இல் வந்த தடை இது. இரவில் வண்டியில் அடிபட்டு விலங்குகள் செத்துக்கொண்டே இருந்ததால் கொண்டுவந்தார்கள். ஆம்புலன்ஸுக்கும் ஒரு சில அரசு பஸ்களுக்கும் மட்டும் விலக்கு. 9.05-க்குப் போய்ச் சேர்ந்து கெஞ்சுவதெல்லாம் வேலைக்கு ஆகாது.

அப்படியென்றால் எத்தனை மணிக்குக் கிளம்புவது?

விடிகாலை 4 மணிக்கு. இதைச் சொன்னதும் எல்லோரும் முகத்தைச் சுளிப்பார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். 4 மணிக்குக் கிளம்பினால் கெங்கேரியில் நெரிசலே கிடையாது. ஆறு ஆறரைக்கு ஸ்ரீரங்கப்பட்டணம், ஏழரைக்கு நஞ்சன்கூடு பக்கம் இட்லி, எட்டரை மணி வாக்கில் காட்டுக்குள். வெயில் ஏறுவதற்குள் மான் கூட்டம் ரோட்டோரம் மேய்ந்துகொண்டிருக்கும். பதினொன்றரை, பன்னிரண்டுக்குள் ஊட்டி. மதியச் சாப்பாட்டுக்கு இலையில் உட்கார்ந்துவிடலாம்.

காலை 9 மணிக்குக் கிளம்பினால்? சில்க் போர்டோ மைசூர் ரோடோ, எங்கேயாவது ஒரு மணி நேரத்தை முழுங்கிவிடும். எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மனஹள்ளி பக்கம் இருப்பவர்கள் ஊருக்குள் வராமல் நைஸ் ரோட்டைப் பிடித்து மைசூர் ரோட்டுக்குப் போய்விடுங்கள். டோல் அதிகம்தான், பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிவிடலாம்.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடித்து ராத்திரியே கிளம்பினால்?

நானும் ஒரு தடவை அப்படிச் செய்தேன். இரவு 11-க்குக் கிளம்பி, மூன்றரைக்கெல்லாம் குண்டுலுப்பேட்டை தாண்டி, வரிசையில் நின்றுவிட்டோம். காரில் ஐந்து பேர், சீட்டைச் சாய்க்க முடியாது, கண்ணாடியை ஏற்றினால் புழுக்கம், இறக்கினால் கொசு. 6 மணிக்குக் கேட் திறந்ததும் நூறு வண்டி ஒன்றாகப் பாய்ந்தது, ரேஸ் விட்டாற்போல. காட்டை ரசிக்கவா முடியும்? முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே போனதுதான் மிச்சம். வெள்ளி ராத்திரிதான் முடியும் என்றால் மைசூரில் ரூம் போட்டுத் தூங்கிவிட்டு, காலையில் நிதானமாகப் போங்கள்.

கல்லட்டி வழியா, கூடலூர் வழியா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். முதுமலையில் தெப்பக்காடு என்ற இடத்தில் ரோடு இரண்டாகப் பிரிகிறது. இடது பக்கம் போனால் மசினகுடி, கல்லட்டி, ஊட்டி. 36 கொண்டை ஊசி வளைவுகள், குறுக்குவழி, செங்குத்து. நேராகப் போனால் கூடலூர், நடுவட்டம், பைக்காரா, ஊட்டி. கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் சுற்று, ஆனால் நிதானமான ஏற்றம்.

முதல் தடவை போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கூடலூர் வழியில் போங்கள். சுற்று என்று முணுமுணுக்காதீர்கள், பார்க்கவும் அதுதான் அழகு. கூடலூரைத் தாண்டியதும் தைலமர வாசனை, அப்புறம் ஊசிமலைக் காட்சிமுனை, நடுவட்டத்துத் தேயிலைச் சரிவு, அதன்பின் பைக்காரா பக்கம் புல்வெளியும் பைன் மரங்களும். காட்சி ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே வரும். கல்லட்டியில் ஓட்டுகிறவர் எதையுமே பார்க்க முடியாது. முதல் கியர், இரண்டாம் கியர், திரும்ப முதல் கியர், அவ்வளவுதான். கண்ணாடி வழியாக அடுத்த வளைவின் எண் பலகை மட்டும் தெரியும்.

இன்னொன்று. கல்லட்டியில் வெளியூர் வண்டிகள் மேலே ஏறத்தான் விடுகிறார்கள், மேலிருந்து கீழே இறங்க விடுவதில்லை. உள்ளூர்ப் பதிவு எண் இருந்தால் மட்டும் விலக்கு. 2018-இல் சென்னையிலிருந்து போனவர்களின் கார் பள்ளத்தில் விழுந்து, இரண்டு நாள் வரை யாருக்கும் தெரியாமலே கிடந்தது. அதற்கப்புறம்தான் கெடுபிடி கூடியது. மேப் அந்த வழியைக் காட்டினாலும் திரும்பி வரும்போது போய் நிற்காதீர்கள், மேலே ஊட்டிப் பக்கம் இருக்கும் தலைகுந்தாவிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இ-பாஸ் கட்டாயமா?

ஆமாம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும். காசு கிடையாது. தமிழக அரசின் இ-பாஸ் தளத்தில் வண்டி எண், எத்தனை பேர், எந்தத் தேதி, எங்கே தங்குகிறீர்கள் என்று கொடுத்தால் கியூஆர் கோடு வரும். 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. சீசனில் போவதாக இருந்தால் ரூம் போட்ட கையோடு பாஸையும் எடுத்துவிடுங்கள்.

கியூஆர் கோடைப் போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கக்கநல்லா சோதனைச் சாவடி காட்டுக்குள் இருக்கிறது. அங்கே போய் டவரைத் தேடிக்கொண்டு நின்றால் பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார்.

மலையில் ஓட்டியதே இல்லை. நேராக ஊட்டிக்குப் போகலாமா?

போகலாம், கூடலூர் வழியாக. ஆனால் முதலில் ஏலகிரிக்கு ஒருநாள் போய்வந்தால் நல்லது. ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக 160 கிலோமீட்டர்தான். மொத்தமே 14 வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடமும் ஆயிற்று. அடுத்தது ஏற்காடு, 20 வளைவு. அப்புறம் 36 கொண்ட கல்லட்டி. கொல்லிமலையில் 70! வல்வில் ஓரி ஆண்ட மலை, காரில் போகிறவன் கையையும் வில்லாக வளைத்துவிடும். அதை எல்லாவற்றுக்கும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும். சட்டமும் அதுதான், நியாயமும் அதுதான். ஏற்றத்தில் நின்றுபோன வண்டியை மறுபடி கிளப்புவது எவ்வளவு கஷ்டம் என்று ஒரு தடவை அனுபவித்தவனுக்குத் தெரியும். எதிரே பஸ் வந்தால் முந்திக்கொள்ளப் பார்க்காமல் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். பஸ்ஸுக்கு முழு வளைவும் வேண்டும்.

இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் போகும் என்கிறார்களே?

போகும். எனக்கே போயிருக்கிறது. ஏறுவதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், ஆபத்து இருப்பது இறக்கத்தில்.

ஆறேழு வருடத்துக்கு முன்னால் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினேன். பெட்ரோல் மிச்சம் என்று மூன்றாம் கியர், நான்காம் கியர் என்று விட்டு, பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தேன். பர்லியார் நெருங்கும்போது ரப்பரும் இரும்பும் சேர்ந்து எரிந்தாற்போல ஒரு வாடை. முன்னால் போகும் லாரியிலிருந்து வருகிறது என்று மனைவியிடம் சொன்னேன். அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தால் மெத்தையில் கால் வைத்தாற்போல் உள்ளே போகிறது. நல்லவேளையாக ரோடு கொஞ்சம் சமமாக இருந்தது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுத்து, ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினேன். சக்கரத்திலிருந்து லேசாகப் புகை. பாட்டில் தண்ணீரை ஊற்றப் போனேன். டீக்கடைக்காரர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "ஊத்தாதீங்க தம்பி, டிஸ்க் வளைஞ்சுரும். அரை மணி நேரம் அப்படியே விடுங்க." டீயைக் கொடுத்துவிட்டுக் கேட்டார், "எந்த கியர்ல ஏறுவீங்க இந்த ரோட்டுல?" இரண்டாவது என்றேன். "அப்ப இறங்குறதும் ரெண்டாவதுலதான்."

இதுதான் விஷயம். தாழ்ந்த கியரில் விட்டால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு மட்டும் தொட்டால் போதும். தொடர்ந்து அழுத்தினால் பேட் சூடாகிப் பிடிமானம் போகும், பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் பெடலே வேலை செய்யாது. நியூட்ரலில் இறங்குவது, இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவது, இரண்டும் தற்கொலைக்குச் சமம். ஆட்டோமேட்டிக் கார் என்றால் டி-யிலேயே விட்டுவிடாமல் எல் அல்லது மேனுவல் மோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மின்சாரக் காரில் போகலாமா?

தாராளமாக. மைசூரில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் சதவீதம் மளமளவென்று இறங்குவதைப் பார்த்துப் பதற வேண்டாம், இறங்கும்போது கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். ஆனால் மேலே ஹோட்டலில் 100 வரை ஏற்றிக்கொண்டு கிளம்பாதீர்கள். பேட்டரி நிறைந்திருந்தால் இறக்கத்தில் வரும் மின்சாரம் போக இடமில்லாமல், மோட்டார் இழுத்துப் பிடிப்பது குறைந்துவிடும். 80 போதும்.

காட்டுக்குள் யானை வந்தால்?

தூரமாகவே நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், லைட் அடிக்க வேண்டாம், இறங்கவே வேண்டாம். இன்ஜின் ஓடட்டும், பின்னால் போக வழி இருக்கட்டும். அதுவாகக் கடந்து போகும். குட்டியோடு இருந்தால் இரண்டு மடங்கு இடைவெளி. காட்டுக்குள் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பதற்கு அபராதம் உண்டு, குரங்குக்குச் சிப்ஸ் போடுவதற்கும் உண்டு. அபராதத்தை விடுங்கள், அந்தச் சிப்ஸுக்காகவே ரோட்டில் வந்து உட்கார்ந்து அடிபட்டுச் சாகும் குரங்குகளை அந்த வழியில் போகிற எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

எந்த மாதம் நல்லது?

மே மாதம் மலர்க் கண்காட்சி, கூட்டம் தாங்காது. பூவைவிடத் தலைகள்தான் அதிகம் தெரியும். ஜூனிலிருந்து ஆகஸ்டு வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சி பக்கம் வெளுத்து வாங்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அக்டோபர் பாதியிலிருந்து வடகிழக்கு மழை, அப்போது குன்னூர், கோத்தகிரி பக்கம் மண் சரியும். அதாவது மழை எந்தப் பக்கமோ, அதற்கு எதிர்ப்பக்கச் சாலையைப் பிடிக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது செப்டம்பர் கடைசி, அப்புறம் ஜனவரி. செப்டம்பரில் மலை கழுவிவிட்டாற்போல் பச்சையாக இருக்கும். ஜனவரியில் விடியற்காலை தலைகுந்தா புல்வெளியில் உறைபனி, உப்பைத் தூவினாற்போல் வெள்ளையாக. அதைப் பார்க்க ஏழு மணிக்குள் போய்விட வேண்டும், வெயில் பட்டதும் கரைந்துவிடும்.

கூடுதலாக ஒன்று: குண்டுலுப்பேட்டை வயல்களில் சூரியகாந்தி பூக்கும் ஜூலை வாக்கில் போனால், மலையே ஏறாமல் பாதி சந்தோஷம் அங்கேயே கிடைத்துவிடும். வயலுக்குள் இறங்கும் முன் விவசாயியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிலர் படம் எடுக்கக் காசு கேட்பார்கள். கொடுத்தால் என்ன, அவர் பயிரைத்தானே மிதிக்கிறோம்.

வழியில் சாப்பாடு?

பெங்களூர்–மைசூர் புது எக்ஸ்பிரஸ்வே 2023-இல் திறந்த பிறகு ராமநகரம், சென்னபட்டணம், மத்தூர், மண்டியா எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் போகிறது. மத்தூர் வடை வேண்டும் என்றால் இறங்கித்தான் போக வேண்டும், தானாக ஜன்னலுக்கு வராது. இந்த ரோடு நேரத்தை மிச்சப்படுத்தியது சரி, வழியை முழுங்கிவிட்டது. அதனால் நான் போகும்போது எக்ஸ்பிரஸ்வே, வரும்போது நேரமிருந்தால் பழைய ரோடு.

குண்டுலுப்பேட்டையில் பெட்ரோலையும் வயிற்றையும் நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் காடு.

பிள்ளைகள் வாந்தி எடுக்கிறார்கள், என்ன செய்ய?

காலையில் நெய் ரோஸ்ட் வாங்கிக் கொடுத்துவிட்டு என்னைக் கேட்டால்? இரண்டு இட்லி போதும். வளைவு தொடங்கியதும் போனைப் பிடுங்கி வைத்துவிடுங்கள், பார்வை வெளியே தூரத்தில் இருக்கட்டும். கையில் ஒரு எலுமிச்சம்பழம், நகத்தால் கீறி முகரக் கொடுங்கள். எங்கள் அத்தை உப்பில் ஊறிய நெல்லிக்காய் கொண்டுவருவார், அதுவும் கேட்கும். காது அடைத்தால் எச்சிலை விழுங்கச் சொல்லுங்கள். பெங்களூரே 900 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. பையில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பியிருப்பதைக் காட்டினால் பிள்ளைகள் வாந்தியையே மறந்துவிடுவார்கள்.

காட்டேஜில் நாமே சமைத்துக்கொள்ளலாமா?

குக்கர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். ஒரு தடவை அம்மா சாம்பாருக்குத் துவரம்பருப்பைத் திறந்த பாத்திரத்தில் போட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம் கிண்டினார். "பருப்பு பழசு, கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று திட்டிக்கொண்டே இருந்தார். கடைக்காரர் மேல் தப்பில்லை. அந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, அதற்கு மேல் சூடு ஏறாது. பருப்பு எப்படி வேகும்?

என்னென்ன பார்க்கலாம்? இரண்டு நாளில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி முடியுமா?

முடியாது. ஒரு நாளைக்கு இரண்டு இடம். தொட்டபெட்டா 2,637 மீட்டர், மேகம் இல்லாத காலையில் மட்டும் போங்கள், மேகம் மூடிவிட்டால் வெள்ளைச் சுவர்தான். 1848-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவுக்கு ஒரு மதியம். என்னைக் கேட்டால் ஊட்டி நகரத்தை அரை நாளில் முடித்துவிட்டுக் கோத்தகிரிக்குப் போய்விடுவேன். கொடநாடு காட்சிமுனையில் நின்றால் கீழே மோயாறு பள்ளத்தாக்கு, தெங்குமரஹடா கிராமம். அங்கே ஒரு மணி நேரம் சும்மா உட்காரலாம், யாரும் எழுப்பமாட்டார்கள்.

காரை நிறுத்திவிட்டு ஒரு நாள் ரயிலும் ஏறுங்கள். குன்னூர் வரை 1899-இலும் ஊட்டி வரை 1908-இலும் வந்த பாதை, 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. குன்னூர் முதல் ஊட்டி வரை கொஞ்சம் சுலபம். கேத்தி, லவ்டேல் எல்லாம் இந்தத் துண்டில்தான் வருகின்றன. ஓட்டுகிறவரும் அன்றைக்குத்தான் ஜன்னலோரம் உட்காருவார்.

பைக்கில்?

எக்ஸ்பிரஸ்வேயின் பிரதானப் பாதையில் 2023 ஆகஸ்டு முதல் பைக்குக்கு அனுமதி இல்லை, சர்வீஸ் ரோடுதான். அதற்குக் கனகபுரா, மளவள்ளி வழி எவ்வளவோ மேல்.

டாக்ஸியில் போனால்?

மஞ்சள் போர்டுக்குத் தமிழ்நாட்டு பர்மிட் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே கேளுங்கள். எல்லையில் வைத்து "அண்ணா, பர்மிட் காசு தனி" என்று ஆரம்பிக்கும்போது பேரம் பேச முடியாது.

பிளாஸ்டிக் சோதனை உண்மையா?

உண்மை. தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு அபராதமும் போடுவார்கள். ஸ்டீல் பாட்டில் கொண்டுபோங்கள், நிரப்பிக்கொள்ள ஆங்காங்கே குடிநீர் ஏடிஎம் வைத்திருக்கிறார்கள். கேஏ என்ற கர்நாடக நம்பர் வண்டியைப் பார்த்ததும் நம்மிடம் கன்னடத்தில் ஆரம்பிப்பார்கள். தமிழில் பதில் சொன்னால் ஒரு சிரிப்பு வரும். அபராதம் அப்படியேதான் இருக்கும்.

திரும்பி வருவது?

கூடலூர் வழியாகவே. ஊட்டியில் மதியம் 1 மணிக்கு மேல் உட்காராதீர்கள். ஞாயிறு சாயங்காலம் ஸ்ரீரங்கப்பட்டணம் டோலில் தொடங்கும் வரிசை கெங்கேரி வரை விடாது. திங்கள் ஒரு நாள் லீவு போட முடிந்தால் போட்டுவிடுங்கள். கோத்தகிரியில் தங்கினால் மேட்டுப்பாளையம், சத்தியமங்கலம், திம்பம் வழியும் உண்டு. திம்பத்தில் 27 வளைவு, 2022 முதல் அங்கேயும் இரவுத் தடை. காவிரிப் பிரச்சினை சூடாக இருக்கும் வாரங்களில் மட்டும் கிளம்பும் முன் மண்டியா நிலவரத்தைச் செய்தியில் பார்த்துக்கொள்ளுங்கள், மறியல் என்றால் மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும்.

மூணாறு?

480 கிலோமீட்டர் பக்கம். மூன்று நாளில் அடங்காது. குறிஞ்சிக்காக என்றால் 2018-இல் பூத்துவிட்டது, அடுத்தது 2030.

ஊட்டி வர்க்கி வாங்கி வந்தால் தாங்குமா?

தாங்கும், தகர டப்பாவில் வைத்தால். காகிதப் பொட்டலமாகப் பின்சீட்டில் வைத்தீர்கள் என்றால் கூடலூரிலேயே யாராவது பிரித்துவிடுவார்கள். போன தடவை கால் கிலோ வாங்கினேன். அல்சூரில் வந்து இறங்கும்போது பொட்டலத்தில் தூள், சீட்டில் தூள், என் சின்ன மகள் சட்டையிலும் தூள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு இரண்டு கேரட்டைக் கொடுத்துச் சமாளித்தேன்.